எஸ்டேட் ஜீப்பும் டிஃபரன்ஷியல் லாக்கும்

மலையில் வண்டி ஏறவில்லை என்றால் முதலில் எஞ்சினைத்தான் குறை சொல்வோம். நீலகிரியில் பெரும்பாலும் குறை எஞ்சினில் இருக்காது. பிடிமானத்தில்தான் இருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-ல் ரயில் விட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 12 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில் வெறும் தண்டவாளத்தை நம்பினால் சக்கரம் வழுக்கும். அதனால் நடுவில் பல்சட்டம் பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்வி ஏறும்படி செய்தார்கள்.

மண்சாலையில் பல்சட்டம் போட முடியாது. அங்கே பிடிமானம் நான்கு டயர்களிலும், அச்சின் நடுவே உள்ள டிஃபரன்ஷியலிலும் இருக்கிறது. வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் ஒன்று தேய்த்துக்கொண்டுதான் திரும்பும். பிரான்சைச் சேர்ந்த கடிகாரக் கலைஞர் ஒனெசிஃபோர் பெக்கூர், 1827-ல் ஒரு நீராவி வண்டிக்காக இதற்குப் பல்சக்கர ஏற்பாடு ஒன்றைக் கண்டு காப்புரிமை பெற்றார். கல்லட்டி சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் இன்று கார்கள் சுலபமாகத் திரும்புவது அந்த ஏற்பாட்டால்தான்.

ஆனால் அதில் ஒரு குணக்கேடு உண்டு. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் எப்போதும் ஒரே அளவு விசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அதைச் சுழற்ற மிகக் குறைந்த விசை போதும். நல்ல தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் அதே சொற்ப விசைதான் கிடைக்கும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஒரு சக்கரம் சேற்றை வாரி இறைக்கும், இன்னொன்று சும்மா நிற்கும்.

1941-ல் போருக்காக வந்த வில்லிஸ் ஜீப்புக்கும் இந்தக் குறை இருந்தது. அதையே 1940-களின் இறுதியில் மஹிந்திரா பம்பாயில் பூட்டத் தொடங்கியது. நம் எஸ்டேட்டுகளுக்கு வந்ததும் அந்த வம்சம்தான். 1985-ல் வந்த மாருதி ஜிப்சியும் அதே கதை. ஃபோர் வீல் போட்டாலும், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் வழுக்கினால் போதும், வண்டி நின்றுவிடும்.

எஸ்டேட்டில் இது விளையாட்டு விஷயம் இல்லை. மழைக்கால இரவில் லைன் வீட்டிலிருந்து பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இருந்த ஒரே வண்டி ஜீப். அந்தக் கால டிரைவர்கள் டயருக்குச் சங்கிலி கட்டினார்கள். பள்ளத்தில் கல்லும் கவாத்து மிலாறும் போட்டார்கள். தூக்கிக்கொண்ட சக்கரத்தின் பக்கம் ஆட்களை ஏறி நிற்கச் சொன்னார்கள். ஆக்சிலேட்டரோடு கால் பிரேக்கையும் லேசாக அழுத்துவார்கள். சுற்றும் சக்கரத்தை பிரேக் பிடித்ததும் மறு சக்கரத்துக்கு விசை போகும். ஹேண்ட் பிரேக் இதற்கு உதவாது. வில்லிஸில் அது சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கும்.

டிரைவர்கள் காலால் செய்த இந்த வித்தையை இன்றைய கார்களில் கம்ப்யூட்டரே செய்கிறது. அதற்கு முன்பே டிஃபரன்ஷியலைத் திருத்தும் வழிகளும் வந்துவிட்டன. ஒன்று, உள்ளே கிளட்ச் தகடுகள் வைத்து வழுக்கலைக் குறைப்பது. இரண்டாவது, ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனம் விற்கும் ஏர் லாக்கர். சுவிட்சைத் தட்டினால் காற்றழுத்தம் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும். மூன்றாவது, 2015-ல் மஹிந்திரா தாரின் பின் அச்சில் வந்த ஈட்டன் லாக். இரு சக்கரங்களின் வேகத்துக்கும் இடையே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால் தானே பூட்டிக்கொள்ளும். வேகம் கூடினால் பூட்டாது.

பழைய ஜீப் வாங்கி லாக் போட விரும்பும் இளைஞர்கள் சில நேரம் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. மலிவாகக் கிடைக்கிறதென்று சிலர் டிஃபரன்ஷியல் பற்களையே வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். சேற்றில் அது ராஜா. ஆனால் நம் ஊரில் எஸ்டேட் பாதை முடிந்த கொஞ்ச தூரத்திலேயே தார் ரோடும் கொண்டை ஊசி வளைவும் வந்துவிடும். பூட்டிய அச்சு ஈரத் தாரில் திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கும். எதிரே பஸ், பக்கத்தில் பள்ளம். ஆகவே நான் சொல்வது இதுதான்: எந்த லாக் போட்டாலும் விலையைப் பார்க்கும் முன், அது தார் ரோட்டில் விடுபடுமா என்று பாருங்கள். பெக்கூர் வளைவுக்காகத் தந்ததைச் சேற்றுக்காக மொத்தமாக இழக்க நம் மலையில் இடமில்லை.