கம்பெனியின் நண்பர்கள்

வத்தலக்குண்டுப் பக்கம் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பிடிபட்டது 1801 அக்டோபரில். பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பியவர். மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்ததும் சிவகங்கைக்குப் போய், அதை ஆண்ட மருது சகோதரர்களோடு சேர்ந்தார். அக்டோபர் முதல் தேதி காளையார்கோவிலும் விழவே, திண்டுக்கல் மலைகளை நோக்கி ஒதுங்கினார்.

அன்றைய திண்டுக்கல் சீமை பெரிது. பெரியகுளம், போடி, தேவாரம், கோம்பை, கம்பம் எல்லாம் அதற்குள்தான். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய பூமி. மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர். கணவாய் தெரிந்தவனுக்கு எல்லை ஒரு பொருட்டே அல்ல. துரத்தி வரும் பட்டாளத்துக்குத்தான் அடுத்த ராஜாவின் சம்மதம் வேண்டும்.

இதை நன்றாகக் கணக்குப் போட்டவர் விருப்பாட்சி கோபால நாயக்கர். திண்டுக்கல் பாளையக்காரர்களைத் திரட்டியதோடு நிற்கவில்லை. மலபாரில் பழசி ராஜா கேரளவர்மா, வடக்கே கம்பெனியை எதிர்த்துப் படை திரட்டிய தூந்தாஜி வாக் வரை தூது போனது. 1800 ஜூன் 3 அன்று கோவையில் இருந்த கம்பெனிப் படையைத் தாக்கிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை.

கம்பெனியும் எல்லை தாண்டியது. தூந்தாஜியைத் துரத்திக்கொண்டு ஆர்தர் வெல்லெஸ்லி (பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர்) மராட்டிய நாட்டுக்குள்ளேயே புகுந்தார். கூடவே மைசூர், நிஜாம் குதிரைப்படைகள். அதே ஆண்டு செப்டம்பர் 10-ல் தூந்தாஜி வீழ்ந்தார். தெற்கே எட்டயபுரமும் புதுக்கோட்டைத் தொண்டைமானும் கம்பெனிக்குத் துணை நின்றார்கள்.

நண்பர்களுக்கு என்ன கிடைத்தது? ஆற்காட்டு நவாப்பின் கதைதான் வேடிக்கை. பாளையக்காரர்களை அடக்கும் சண்டையே அவர் பெயரில் ஆரம்பித்ததுதான். அந்தச் சண்டை ஓயும் முன்பே, 1801 ஜூலை 31-ல், கர்நாடக அரசு முழுவதையும் கம்பெனி எழுதி வாங்கிக்கொண்டது. நவாப் பட்டம் மிச்சம். தொண்டைமானுக்குக் கீழாநிலைக் கோட்டை. ஆண்டுக்கொரு யானை கப்பம் என்று நிபந்தனை, அதையும் கம்பெனி வற்புறுத்தவில்லை. திருவிதாங்கூருக்குக் கம்பெனியின் துணைப்படையைப் பராமரிக்கும் செலவுச் சுமை. அது முற்றி 1809-ல் திவான் வேலுத்தம்பியே கிளர்ந்தெழுந்தார்.

எதிர்த்தவர்களில் மருது சகோதரர்களுக்குத் திருப்பத்தூரில் 1801 அக்டோபர் 24 அன்று தூக்கு. ஊமைத்துரைக்கு நவம்பர் 16, பாஞ்சாலங்குறிச்சியிலேயே. கோபால நாயக்கரும் தூக்கிலேறினார். போடி, கண்டமனூர் பாளையங்கள் ஜமீன்களாகப் பிழைத்தன.

வயநாட்டுக் காட்டில் மட்டும் சண்டை ஓயவில்லை. பழசி இறக்கும்வரை, அதாவது 1805 நவம்பர் 30 வரை, கம்பெனிக்கு அங்கே தூக்கமில்லை. அடுத்த வாரம் அந்தக் காட்டுக்குள் போவோம்.