புகுந்த நாட்டுக்கு உழைத்த கார்ள் ஷூர்ஸ்

பிறந்த மண்ணை விட்டு வந்த ஒருவனுக்குப் புகுந்த மண்ணிலே என்ன உரிமை உண்டு? உண்ண உணவும் ஒதுங்க நிழலும் தந்த நாட்டின் குறைகளை அவன் எடுத்துரைக்கலாமா? அன்றி, நன்றி கருதி வாய்மூடி இருத்தல்தான் அவனுக்கு அழகா? இவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையையே விடையாக வைத்தவர், பத்திரிகையாளராகவும் படைத்தலைவராகவும் சட்டசபையாளராகவும் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் விளங்கிய கார்ள் ஷூர்ஸ்.

1829ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள், ஜேர்மனியில் கொலோன் நகருக்கு அண்மையிலுள்ள லிப்லார் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். பொன் நகரப் பல்கலைக்கழகத்தில் பயிலுங்கால், கின்கெல் என்னும் பேராசிரியர் அவருக்கு ஆசானும் நண்பருமானார். 1848இல் ஐரோப்பாவெங்கும் மூண்ட புரட்சித் தீ ஜேர்மனியையும் பற்றிக்கொண்டது. பல அரசுகளாகச் சிதறிக் கிடந்த நாடு ஒன்றுபட வேண்டும், குடிமக்களுக்கு உரிமை வேண்டும் என்று கின்கெலின் பத்திரிகையிலே இளைஞர் ஷூர்ஸ் எழுதினார். மறு ஆண்டிலே எழுதுகோலை வைத்துவிட்டு ஆயுதம் ஏந்தினார்.

புரட்சி தோற்றது. 1849 ஜூலையில் ராஸ்டாட் கோட்டை பிரஷ்யப் படையிடம் வீழ்ந்தபோது, பிடிபட்டால் உயிர் தப்பாது என்றுணர்ந்த ஷூர்ஸ், கழிவுநீர்க் கால்வாயினூடே ஊர்ந்து வெளியேறினார். ஆசான் கின்கெலோ ஆயுட்சிறை பெற்றார். தாம் தப்பியது போதுமென்று ஷூர்ஸ் இருந்துவிடவில்லை. பொய்ப்பெயருடன் திரும்பிச் சென்று, 1850 நவம்பரில், காவலன் ஒருவனின் துணையோடு ஸ்பண்டோ சிறைக்கூரையிலிருந்து கின்கெலைக் கயிற்றினால் இறக்கி மீட்டார். இருவரும் கப்பலேறிப் பிரித்தானியாவை அடைந்தனர்.

1852இல் மார்கரெத்தே மேயர் என்னும் நங்கையை மணந்து, அவர் அமெரிக்கா சென்றார். செய்தித்தாளை நாள்தோறும் வாசித்தே ஆங்கிலம் கற்றார். விஸ்கொன்சின் மாநிலத்தில் குடியேறிய பின்னர், 1856இல் அவர் மனைவியார் தொடங்கிய பாலர் பள்ளியே அந்நாட்டின் முதலாவது பாலர் பள்ளியெனப் போற்றப்படுகிறது. அடிமைமுறையை எதிர்த்த ஷூர்ஸ், 1860ஆம் ஆண்டுத் தேர்தலிலே ஜேர்மானியக் குடியேறிகளிடையே லிங்கனுக்காகப் பெருமுயற்சி செய்தார். லிங்கன் அவரை ஸ்பெயினுக்குத் தூதராக அனுப்பினார். ஆயினும் உள்நாட்டுப் போர் நடக்கையில் அயல்நாட்டில் இருக்க மனம் ஒப்பாது, 1862இல் திரும்பிப் படைத்தலைவரானார்.

1863 மே மாதம் சான்சலர்ஸ்வில் போர்க்களத்தில் வலப்பக்கம் காவலின்றி இருப்பதை அவர் மேலதிகாரிகளுக்கு எச்சரித்தார். எச்சரிக்கை பயன்படவில்லை. பகைவர் அப்பக்கமாகவே பாய்ந்தனர், படை சிதறியது. பழியோ ஜேர்மானிய வீரர்மீது விழுந்தது. அந்நியர் கோழைகள் என்று பத்திரிகைகள் தூற்றின. உயிரையே கொடுத்தாலும் வந்தவனுக்கு வசை எளிதில் நீங்காது என்பதை ஷூர்ஸ் அன்று கண்டார்.

போர் முடிந்த 1865இல், சனாதிபதி ஜோன்சன் தென்மாநிலங்களின் நிலையை ஆராய அவரை அனுப்பினார். விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை இன்றேல் பாதுகாப்பு இல்லை என்று ஷூர்ஸ் அறிக்கை எழுதினார். சனாதிபதி அதனை விரும்பவில்லை. பின்னர் சென்ற் லூயிஸ் நகரிலே ஜேர்மன் மொழிப் பத்திரிகையொன்றின் ஆசிரியரும் பங்காளருமானார். பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற புலிற்சர், செய்தியாளராக முதன்முதல் வேலைபெற்றது அப்பத்திரிகையிலேயே.

1869இல் மிசூரி மாநிலத்தின் சார்பில் செனற் சபை புகுந்தார். அச்சபையில் அமர்ந்த முதலாவது ஜேர்மனியிற் பிறந்தவர் அவரே. தம் கட்சி அரசின் ஊழலையும் அவர் விடாது கண்டித்தார். நாட்டுப்பற்றென்பது நாடு செய்வதையெல்லாம் போற்றுவதன்று. அது நேர்வழி நின்றால் அங்கே நிறுத்துவதும், தவறினால் திருத்துவதுமே என்பது 1872இல் அவர் சபையிலே உரைத்த கருத்து.

ஆயினும் அவர் வாழ்விலும் கறை உண்டு. அவ்வாண்டுகளிலே தென்னாட்டு முன்னாள் கிளர்ச்சியாளருக்குப் பொதுமன்னிப்புக் கோரியும், அங்கே மத்திய அரசின் தலையீட்டை எதிர்த்தும் நின்றார். தாமே எழுதிய அறிக்கையின் எச்சரிக்கையை அவர் மறந்தார். அதன் விலையைக் கறுப்பின மக்கள் செலுத்தினர். 1877 முதல் 1881 வரை உள்நாட்டு அமைச்சராயிருந்தபோது, தம் திணைக்களத்தில் தகுதியறிந்தே பதவி வழங்கினார். காடுகளைக் காக்க முயன்றார். எனினும் பொங்கா என்னும் பழங்குடியினர் தம் நிலத்தைவிட்டு 1877இல் பெயர்க்கப்பட்டதும் அவர் காலத்திலேயே. அது அநீதி எனப் பின்னர் அவரும் ஒப்புக்கொண்டார்.

முதுமையிலும் அவர் எழுதுகோல் ஓயவில்லை. 1898ஆம் ஆண்டுப் போருக்குப்பின் அமெரிக்கா பிலிப்பைன்ஸ் தீவுகளைத் தனதாக்கிக்கொள்ள முனைந்தபோது, பிறர் விடுதலையைப் பறிக்கும் நாடு தன் விடுதலையின் பொருளை இழக்கும் என்று வாதாடினார். 1906 மே 14ஆம் நாள் நியூயோர்க்கிலே காலமானார்.

முதலில் எழுப்பிய வினாவுக்கு அவர் வாழ்க்கை தரும் விடை இதுவே: புகுந்த நாட்டைத் தன் நாடென்று எண்ணுபவனே அதன் குற்றத்தைத் தன் குற்றமாகக் கருதி வருந்துவான். அவர் தவறிய இடங்களும் அந்த அளவுகோலாலேயே நமக்குத் தவறாகத் தெரிகின்றன.