ஜானர் பட உருவாக்க ஆதரவு: கிழக்கு, தென்கிழக்கு ஆசியா

பேய், திகில், குற்றம், அறிவியல் புனைவு, சண்டை என்று எந்த வகை அனுபவம் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிப் பார்வையாளரை அழைப்பவை ஜானர் படங்கள். இவற்றில் தங்கள் முதல் அல்லது இரண்டாவது முழுநீளப் படத்தை எடுக்க முனையும் கிழக்கு, தென்கிழக்கு ஆசிய இயக்குநர்களுக்குப் படப்பிடிப்புக்கு முன்பே கிடைக்கும் உதவிகள் பலவகை. திரைக்கதைப் பட்டறைகள், திட்டச் சந்தைகள், குறும்படப் போட்டிகள், கூட்டுத் தயாரிப்பு மானியங்கள் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. கடந்த இருபதாண்டுகளில்தான் இவை ஓர் ஏற்பாடாகத் திரண்டிருக்கின்றன.

இந்தப் பகுதியில் பேய்க்கதைகளுக்கு என்றும் பஞ்சமில்லை. முதல் வரைவு எழுதி முடித்த பிறகு அதைத் திருத்தும் காலத்தில் சாப்பாட்டுக்கு வழி செய்யும் பணத்துக்குத்தான் பஞ்சம். கலைப்படங்களுக்கு மானியம் தந்த அமைப்புகள் பேய்ப் படத்தை வணிகச் சரக்கென்று ஒதுக்கின. உள்ளூர்த் தயாரிப்பாளர்களோ, போன வருடம் ஓடிய படத்தின் சாயல் இல்லாத கதையைத் தொடத் தயங்கினார்கள். இரண்டுக்கும் நடுவே விழுந்த கதைகள் ஏராளம்.

அந்த இடைவெளியை முதலில் கண்டுகொண்ட ஊர்களில் ஒன்று தென்கொரியாவின் புச்சோன். சியோலுக்கும் இஞ்சியோனுக்கும் நடுவே இருக்கும் இந்நகரில் 1997-இல் சர்வதேச மாயாஜாலத் திரைப்பட விழா தொடங்கியது. விழாவின் பாதை நேராக இருக்கவில்லை. 2004 இறுதியில் விழா இயக்குநர் கிம் ஹோங்-ஜூன் நீக்கப்பட்டபோது கொரியத் திரையுலகம் விழாவைப் புறக்கணித்தது. 2005-இல் போட்டி விழா ஒன்றையே நடத்திக் காட்டியது. மீண்டெழுந்த விழா 2008-இல் 'ஆசிய மாயாஜாலப் படங்களின் வலையமைப்பு' என்ற சந்தையைத் திறந்தது. முடிந்த படங்களை வாங்கி விற்கும் சந்தையல்ல இது. இங்கே விலை பேசப்படுவது இன்னும் எடுக்கப்படாத, ஜானர் கதைகள் மட்டுமே. இயக்குநரும் தயாரிப்பாளரும் சேர்ந்து வந்து கதையைச் சுருக்கமாகச் சொல்லி ஆதரவு கேட்பார்கள்; 'பிட்ச்' என்பது இதுதான். பிறகு விநியோகஸ்தர்களையும் முதலீட்டாளர்களையும் ஒவ்வொருவராகச் சந்திப்பார்கள். இத்தகைய சந்தைகளில் பரிசுகள் எல்லாம் ரொக்கமாகவே வருவதில்லை. ஒலிக்கலவை, வண்ணச் சீரமைப்பு போன்ற வேலைகளைக் கட்டணமின்றிச் செய்து தருவதாகப் பின்தயாரிப்புக் கூடங்கள் அறிவிப்பதும் பரிசுதான். சின்ன பட்ஜெட்டில் ரொக்கத்தைவிட அது பல சமயம் பெரிய உதவி.

இந்தோனேசியாவின் ஜோக்கோ அன்வரைப் பார்த்தால் இந்த ஏற்பாடு வேலை செய்யும் விதம் புரியும். 2009-இல் அவருடைய 'பிந்து தெர்லாராங்' புச்சோனின் முதன்மைப் பரிசைப் பெற்றது. 2011-இல் 'மோடஸ் அனோமலி' திட்டத்துக்கு அதே ஊரின் சந்தையில் விருது. 2017-இல் வெளியான அவருடைய 'பெங்கப்தி செத்தான்' படத்தில் கொரிய நிறுவனமான சிஜே என்டர்டெயின்மென்ட் கூட்டுத் தயாரிப்பாளர். 1980-இல் வந்த உள்ளூர்ப் பேய்ப் படத்தின் மறு ஆக்கமான அதை இந்தோனேசியாவில் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தியேட்டரில் பார்த்தார்கள். முதல் பரிசுக்கும் அந்த வெற்றிக்கும் நடுவே எட்டு ஆண்டுகள். ஆதரவுத் திட்டங்களின் ஆண்டறிக்கைகள் பொதுவாக இவ்வளவு பொறுமையோடு காத்திருப்பதில்லை.

கொரியாவுக்குள் இன்னொரு வாசல் குறும்படம். 2002-இல் தொடங்கிய மிசான்சேன் குறும்பட விழாவுக்குப் பணம் கொடுத்தது தலைமுடிப் பராமரிப்புப் பொருள்களை விற்கும் ஒரு பிராண்டு. விழாவின் பெயரும் அதனுடையதே. சமூகப் படம், காதல், நகைச்சுவை, திகில், சண்டை எனப் போட்டிகளை ஜானர்வாரியாகப் பிரித்து, தொழிலில் இருந்த இயக்குநர்களையே நடுவர்களாக உட்கார வைத்தார்கள். அங்கே கவனம் பெற்ற நா ஹோங்-ஜின் 2008-இல் 'தி சேசர்', 2016-இல் 'தி வெய்லிங்' என்று வளர்ந்தார். பின்னர் அவரே தயாரிப்பாளராகி, தாய்லாந்தின் பன்ஜோங் பிசந்தனாகுன் இயக்கத்தில் 'தி மீடியம்' படத்தை உருவாக்கினார். தாய்லாந்தின் இசான் பகுதியைச் சேர்ந்த சாமியாடிக் குடும்பம் ஒன்றைப் பற்றிய அந்தப் படம் 2021-இல் புச்சோனின் முதன்மைப் பரிசை வென்றது. பன்ஜோங் தமிழ் ரசிகர்களுக்கும் அந்நியரல்ல. அவர் பர்க்பூம் வோங்பூமுடன் சேர்ந்து இயக்கிய 'ஷட்டர்'தான் 2007-இல் தமிழில் 'சிவி'யாக வந்தது. அதே இருவரின் 'அலோன்' 2012-இல் 'சாருலதா' ஆனது.

ஜப்பானில் கதை வேறு. அங்கே ஒரு நடிப்புப் பயிற்சிப் பள்ளியின் பட்டறையிலிருந்து பிறந்தது உஎதா ஷினிச்சிரோவின் 'ஒன் கட் ஆஃப் தி டெட்'. முதல் 37 நிமிடம் வெட்டே இல்லாமல் ஓடும் இந்த ஜோம்பி நகைச்சுவையின் செலவு ஏறக்குறைய 30 லட்சம் யென்; வசூல் 300 கோடி யென்னைத் தாண்டியது. இதை மற்றவர்கள் பின்பற்றத்தக்க முறையாகக் காட்டுவது சரியாகாது, லாட்டரிச் சீட்டு விழுந்தவரிடம் சேமிப்புப் பாடம் கேட்பதைப் போன்றது அது. பின்பற்றத்தக்கது கடோகாவா நிறுவனம் 2021-இல் தொடங்கிய ஜப்பான் திகில் திரைப்படப் பரிசு. 'ஜு-ஆன்' இயக்குநர் ஷிமிசு தகாஷி அதன் நடுவர் குழுத் தலைவர். குறும்படத்தால் முதன்மைப் பரிசு பெறுபவருக்கு, அதை முழுநீளப் படமாக்கித் தியேட்டரில் வெளியிடும் வாய்ப்பும் சேர்ந்தே கிடைக்கிறது. முதல் பரிசு பெற்ற ஷிமோட்சு யூதாவின் 'மின்னா நி சச்சி அரே' 2024 ஜனவரியில் ஜப்பானியத் தியேட்டர்களுக்கு வந்தது. அடுத்த பரிசாளர் கோண்டோ ரியோதாவின் 'மிஸ்ஸிங் சைல்டு வீடியோடேப்' ஓராண்டு கழித்து வந்தது. சான்றிதழோடு அனுப்பிவிடாமல் படம் திரைக்கு வரும் வரை கூடவே வருவதுதான் இந்தப் பரிசின் சிறப்பு.

ஸ்டூடியோவும் பெரிய சந்தையும் இருக்கும் நாடுகளில் இது சாத்தியம். லாவோசில் அப்படியொரு தொழிலே இல்லை. லாவோ அகதிகளின் மகளாக அமெரிக்காவில் பிறந்த மேட்டி டோ, லாவோஸ் தலைநகர் வியந்தியானுக்குக் குடிபெயர்ந்து எடுத்த 'சந்தாலி'தான் அந்நாட்டின் முதல் திகில் படம். ஒரு பெண் இயக்கிய முதல் முழுநீளப் படமும் அதுவே. பெரும்பகுதியை அவர் தன் வீட்டுக்குள்ளேயே படமாக்கினார். இரண்டாவது படமான 'நோங் ஹக்' 2014-இல் கான் விழாவையொட்டி நடக்கும் பிரெஞ்சுத் திட்டம் ஒன்றுக்குத் தேர்வானது. இணையவழிப் பொது நிதியும் திரட்டப்பட்டு, பிரான்சும் எஸ்தோனியாவும் கூட்டாளிகளாகச் சேர்ந்தன. பார்வை மங்கிவரும் ஒரு பணக்காரப் பெண்ணின் காதில் ஆவிகள் லாட்டரி எண்களைச் சொல்ல, அதை வைத்துப் பணம் பார்க்கிறாள் பராமரிக்க வந்த ஏழை உறவுக்காரப் பெண். வர்க்கமும் பேராசையும் பின்னிய இந்தக் கதையே ஆஸ்கருக்கு லாவோஸ் அனுப்பிய முதல் படமானது.

பல நாட்டுப் பணத்தை ஒட்டுப்போட்டுப் படமெடுப்பதன் உச்சம் மலேசியாவின் அமண்டா நெல் யூ இயக்கிய 'டைகர் ஸ்ட்ரைப்ஸ்'. வகுப்பிலேயே முதலில் பருவமடையும் 12 வயதுச் சிறுமியின் உடல் மெல்ல வேறொன்றாக மாறத் தொடங்கும் கதை. மலேசியா, தைவான், சிங்கப்பூர், பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, இந்தோனேசியா, கத்தார் என எட்டு நாடுகள் இதில் பங்குதாரர்கள். எட்டு நாடு என்றால் எட்டு ஒப்பந்தம், எட்டுக் கணக்கு. மானியம் தருவோர் பலர் அதில் ஒரு பகுதியை அல்லது முழுவதையும் தங்கள் மண்ணிலேயே செலவிடச் சொல்வார்கள். அதனால் காட்டில் எடுத்த படத்தின் ஒலியும் வண்ணமும் வெவ்வேறு நகரங்களில் முடிவாவது இங்கே சாதாரணம். அனுபவமுள்ள தயாரிப்பாளர் இல்லாத புதிய இயக்குநர் இந்தக் காகித வேலையிலேயே களைத்துவிடுவார். தாய்லாந்தைத் தளமாகக் கொண்டு 2016-இல் ரேமண்ட் பத்தனாவிரங்கூன் தொடங்கிய சீஃபிக் பட்டறை, சிங்கப்பூர் அரசின் தென்கிழக்கு ஆசியக் கூட்டுத் தயாரிப்பு மானியம், பிலிப்பைன்ஸ் திரைப்பட வளர்ச்சி மன்றத்தின் நிதி எல்லாம் இந்தச் சுமையின் ஒவ்வொரு முனையைத் தாங்க உருவானவை.

'டைகர் ஸ்ட்ரைப்ஸ்' 2023-இல் கான் விமர்சகர் வாரத்தின் பெரும் பரிசை வென்றது. அதே ஆண்டு அக்டோபரில் தணிக்கையில் வெட்டுப்பட்டு மலேசியாவில் வெளியானபோது, அது தன் படமல்ல என்று இயக்குநரே விலகிக்கொண்டார். கதை உருவாகும்போது உதவ எட்டு நாடுகள் இருந்தன. சொந்த ஊரில் வெளியாகும் நேரத்தில் கைகொடுக்க எந்தத் திட்டமும் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025-இல், அதே பெரும் பரிசு தாய்லாந்தின் ரட்சபூம் பூன்பன்சாசோக்கின் முதல் படமான 'எ யூஸ்ஃபுல் கோஸ்ட்'டுக்குப் போனது. அதில் இறந்த மனைவியின் ஆவி தூசு உறிஞ்சும் இயந்திரத்துக்குள் புகுந்து கணவனிடம் திரும்புகிறது.

இந்தப் பட்டறை வழி மீது குறைகளும் உண்டு. ஐரோப்பிய நடுவர்களுக்குப் புரியும்படி எழுதி எழுதி, உள்ளூர்ப் பேயின் முரட்டுத்தனம் உருவகமாக மழுங்கிவிடுகிறது என்ற புகாரில் நியாயமிருக்கிறது. பட்டறைப் பாதையைத் தொடாத வெற்றிகளும் உண்டு. 2022-இல் இந்தோனேசியாவில் 90 லட்சம் பார்வையாளர்களைத் தாண்டிய 'கேகேஎன் டி டேசா பெனாரி', ட்விட்டரில் தொடராக வந்த ஒரு பேய்க்கதையிலிருந்து நேராகத் திரைக்குப் போனது. மலேசியாவில் எழுத்தாளரும் இயக்குநருமான அமிர் முகம்மது, திகில் படங்களைக் குறைந்த செலவில் எடுப்பதற்கென்றே குமன் பிக்சர்ஸைத் தொடங்கினார். விரல்விட்டு எண்ணக்கூடிய பாத்திரங்களையும் ஒரு காட்டையும் வைத்துக்கொண்டு அங்கே எமிர் எஸ்வான் எடுத்த முதல் படமான 'ரோ', ஆஸ்கருக்கு மலேசியாவின் பரிந்துரையானது.

புலம்பெயர்ந்தோர் பக்கத்திலும் அசைவு தெரிகிறது. பிரிட்டனில் பாரிஸ் சார்சிலா இயக்கிய 'ரேஜிங் கிரேஸ்', உரிய ஆவணங்கள் இல்லாமல் ஓர் ஆங்கிலேய மாளிகையில் வேலைக்குச் சேரும் பிலிப்பினோ தாயையும், அங்கே அவள் ஒளித்து வளர்க்கும் மகளையும் பற்றிய திகில் படம். பெருந்தொற்றுக் காலத்தில் ஆசியர்கள் மீது பாய்ந்த வெறுப்பைக் கண்ட கோபத்தில் எழுதப்பட்ட அது, 2023-இல் அமெரிக்காவின் சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில் கதைப்படப் பிரிவின் நடுவர் பெரும் பரிசைப் பெற்றது.