வெக்கை

எங்கள் பாட்டிக்குக் கோபம் வந்தால் மாட்டை "வெக்கையில போவ" என்று திட்டுவாள். அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டு மாரியம்மனிடம் மன்னிப்புக் கேட்பாள். வெக்கை என்ற மாட்டுக் கொள்ளைநோய் வந்த வருஷம் அவள் பிறந்த வீட்டில் பதினோரு மாடு இருந்ததாம். ஒரு கன்று மிஞ்சியது. கண்ணில் நீர், வாயெல்லாம் புண், பிறகு நிற்காத கழிச்சல். நாற்றம் தெருமுனை வரை வருமாம்.

ஊர்க்காரர்கள் சும்மா இருந்துவிடவில்லை. எல்லையில் வேப்பிலை கட்டுவார்கள். சந்தை மாட்டை உள்ளே விடமாட்டார்கள். வேப்பிலை என்ன செய்ததோ, சந்தை மாட்டைத் தடுத்தது நிச்சயம் வேலை செய்திருக்கும். மதராஸ் அரசு 1866லேயே மாட்டு நோய்க்கென்று சட்டம் போட்டது. ஆனால் போட ஊசி இல்லை. ஆட்டில் வளர்த்த தடுப்பு மருந்து 1920களில்தான் முக்தேசுவர் ஆய்வுக்கூடத்தில் வந்தது. 1932இல் ராணிப்பேட்டையில் நமக்கென்று ஒரு தடுப்பு மருந்து நிலையம். தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது 1954இல்.

நான் மாட்டுக்கு ஊசி போடும் வேலைக்குச் சேர்ந்தது 1976இல். சைக்கிள் கேரியரில் ஐஸ் போட்ட பிளாஸ்க், பையில் கண்ணாடி சிரிஞ்சு. கரைத்த மருந்து வெயிலில் சீக்கிரம் செத்துவிடும் என்பதால் விடியுமுன் ஊருக்குள் இருக்க வேண்டும். நாங்கள் வருவது தெரிந்தால் பாதி மாடு ஏரிக்கரைக்குப் போய்விடும்.

"ஊசி போட்டா பால் நின்னுடும்பா" என்றாள் ஒரு கிழவி, மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு.

"ரெண்டு நாள் கொறையும் ஆயா, அப்புறம் வந்துடும்."

"அந்த ரெண்டு நாளு நீ குடுப்பியா?"

என்னிடம் பதில் இல்லை. மறு வாரம் அவளே மாட்டை ஓட்டி வந்தாள். ஏன் மனம் மாறினாள் என்று நான் கேட்கவில்லை.

நாட்டின் கடைசி வெக்கை 1995இல் நம் தமிழ்நாட்டில்தான் பதிவானது. அதன் பிறகு மேலிடம் சொன்னது எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது: ஊசியை நிறுத்து. காரணம் சரிதான். ஊசி போட்ட மாட்டின் ரத்தமும் நோய் கண்டு தேறிய மாட்டின் ரத்தமும் பரிசோதனையில் ஒன்றுபோலத்தான் தெரியும். ஊசி ஓய்ந்தால்தான் நோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க முடியும். இருபது வருஷம் "போடு, போடு" என்று கெஞ்சிய வாயால் "வேண்டாம்" என்று சொல்வது லேசான காரியமில்லை.

பிறகு ஊர் ஊராகத் தேடல். ஆட்டில் கழிச்சல் என்றால் தனிக் கவலை. 1987இல் விழுப்புரம் பக்கத்து அரசூரில் ஆடுகளுக்கு வந்தது வெக்கை இல்லை, அதன் பங்காளியான ஆட்டுக்கொல்லி என்று ஆய்வில் தெரிந்திருந்தது. படிவத்தில் மாதாமாதம் "இல்லை", "இல்லை" என்றே எழுதினேன். வெக்கை ஒழிந்தது என்று 2006இல் இந்தியாவுக்குச் சான்று கிடைத்தது, 2011இல் உலகத்துக்கே.

ஓய்வு பெறும் முன் ஒரு சித்திரை மாதம், தொழுவத்தில் படுத்திருந்த பையனிடம் கேட்டேன்: "தம்பி, இங்க வெக்கை உண்டா?"

"காலையிலருந்து கரண்டு இல்ல சார்," என்றான், துண்டால் விசிறிக்கொண்டே. "செம வெக்கை."