உப்பிட்டவர் யார்?
உல்லாசக் கப்பல்களும் விசுவாசக் கணக்கும்

விசுவாசம் என்பது கனமான சொல். எசமானுக்கு வேலையாள் காட்டியது, மன்னனுக்குப் படைவீரன் காட்டியது, நண்பனுக்கு நண்பன் காட்டியது என்றெல்லாம் நாம் கதைகளில் படித்திருக்கிறோம். கடந்த நாற்பது ஆண்டுகளில் இச்சொல்லுக்குப் புதியதொரு பொருளும் வந்து சேர்ந்துள்ளது. ஒரே கம்பனியிடம் திரும்பத் திரும்பப் பணம் கொடுத்து வாங்குபவர் இன்று 'விசுவாசமான வாடிக்கையாளர்' எனப்படுகிறார். அவருடைய விசுவாசம் எண்ணப்படுகின்றது; எண்ணிக்கைக்கு ஏற்பச் சலுகையும் வழங்கப்படுகின்றது. இக்கணக்கு மிகத் துல்லியமாக வைக்கப்படும் இடங்களில் ஒன்று உல்லாசக் கப்பல். அக்கணக்கு எவ்வாறு தோன்றியது, அதில் யார் எண்ணப்படுகிறார்கள், யார் விடுபடுகிறார்கள் என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீராவிக் கப்பல்களின் தொடக்க காலத்தில் கடற்பயணம் இன்பத்துக்குரியதாக இருக்கவில்லை. உத்தியோகத்துக்காகவும் வியாபாரத்துக்காகவும் குடியேற்றத்துக்காகவுமே மக்கள் கப்பலேறினர். கப்பற் கம்பனிகள் அரசாங்கத்தின் தபால் ஒப்பந்தத்தை நம்பி வாழ்ந்தன. பிரித்தானியாவின் பீ அன்ட் ஓ கம்பனியும் 1837ஆம் ஆண்டு ஸ்பெயின், போர்த்துக்கல் தபால் ஒப்பந்தத்துடனேயே தலையெடுத்தது. 1840இல் அதற்கு அரச பட்டயம் கிடைத்தது. தபால் மூட்டைகளோடு மனிதரையும் வெறும் வேடிக்கை பார்ப்பதற்காக ஏற்றிச் செல்லலாமே என்ற எண்ணம் அதன் பின்னரே தோன்றியது.

இந்த எண்ணத்தை மக்களிடம் கொண்டு செல்ல அக்கம்பனி நாடியது ஓர் எழுத்தாளரை. 1844 ஓகஸ்டில் வில்லியம் மேக்பீஸ் தாக்கரே கட்டணமின்றிக் கப்பலேற்றப்பட்டார். கல்கத்தாவில் பிறந்தவரான தாக்கரே அப்போது பெரும் புகழ் பெற்றிருக்கவில்லை. மூன்று கப்பல்கள் மாறி மத்தியதரைக் கடலைச் சுற்றிக் கெய்ரோ வரை சென்று திரும்பிய அவர், அப்பயணத்தைப் பற்றிய நூலை 1846இல் வெளியிட்டார். அந்நூலைத் தம்மை ஏற்றிச் சென்ற கப்பல் கப்டன் ஒருவருக்கே சமர்ப்பணம் செய்தார். உல்லாசப் பயண வரலாற்றில் நாம் அறியக்கூடிய முதற் சலுகைகளுள் இது ஒன்று எனலாம். கம்பனி ஒரு பயணச் சீட்டைக் கொடுத்தது. எழுத்தாளர் ஒரு நூலைத் திருப்பிக் கொடுத்தார். எழுதுவோராகிய நாம் இக்கொடுக்கல் வாங்கலைச் சற்று உற்று நோக்குவது நல்லது.

இருபத்து மூன்று ஆண்டுகளின் பின்னர் அமெரிக்காவிலும் இதே போன்றதொரு நிகழ்ச்சி நடந்தது. 1867 ஜூன் மாதம் 'குவேக்கர் சிற்றி' என்ற கப்பல் நியூயோர்க்கிலிருந்து ஐரோப்பாவையும் புனித பூமியையும் நோக்கிப் புறப்பட்டது. ஒருவருக்குக் கட்டணம் 1,250 டொலர். பணம் இருந்தால் மட்டும் போதாது; விண்ணப்பித்தவரின் தகுதியை ஒரு குழு ஆராய்ந்த பின்னரே இடம் வழங்கப்படும் என விளம்பரம் செய்தார்கள். பிரபல மதபோதகர் ஒருவரும் யுத்தத்தில் பெயர் பெற்ற ஜெனரல் ஒருவரும் வருவதாகச் சொல்லப்பட்டது. இருவருமே வரவில்லை. வந்தவர்களுள் ஒருவர் மார்க் ட்வைன். அவருடைய கட்டணத்தைச் சான்பிரான்சிஸ்கோ பத்திரிகை ஒன்று செலுத்தியிருந்தது. ஐந்து மாதங்களுக்கு மேல் நீடித்த அப்பயணத்தில் சக பயணிகளின் பக்தி, பெருமை, அறியாமை யாவற்றையும் அவர் கண்டார். 1869இல் வெளிவந்த நூலில் எல்லாவற்றையும் கிண்டல் செய்தார். தாக்கரே கப்டனுக்கு நன்றி சொன்னார். ட்வைன் எவருக்கும் கடன்படவில்லை. நீண்ட பயணத்தில் காட்சிகளை விட மனிதர்களே சுவாரசியமானவர்கள் என்பதை அவரது நூல் காட்டியது.

அந்நாட்களில் இக்கப்பல்களை நம்மவர்களும் அறிந்திருந்தனர். 1840களில் சுயெஸுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய பீ அன்ட் ஓ கப்பல்கள் நிலக்கரி ஏற்றுவதற்குக் காலியில் தரித்தன. 1875இல் கொழும்பு அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் பின், 1880களில், அந்த இடம் கொழும்புக்கு வந்து சேர்ந்தது. கப்பல் நங்கூரமிட்டதும் இரத்தினக்கல், ஆமையோட்டுப் பொருள்கள், நகைகள் என்பவற்றுடன் பயணிகளைச் சூழ்ந்துகொண்ட சோனக வியாபாரிகளைப் பற்றி அக்காலப் பயணிகள் பலர் எழுதியுள்ளனர். அவ்வெழுத்துகளில் நம்மவர்கள் பெரும்பாலும் பேரம் பேசுவோராகவும் ஏமாற்றுவோராகவுமே வருகின்றனர். கடன் தீர்ப்பதற்காக உலகெங்கும் சொற்பொழிவாற்றப் புறப்பட்ட மார்க் ட்வைன் 1896 ஜனவரியில் கொழும்பில் இறங்கியபோது, இங்குள்ள மக்களின் உடைகளின் வர்ணங்களில் மயங்கிப் போனார். கப்பலிலிருந்து பார்ப்பவருக்குக் கரை எப்போதும் ஒரு காட்சிதான்.

கரையில் நின்றவர்களையாவது பயணிகள் குறித்து வைத்தார்கள். கப்பலின் அடித்தட்டில் இருந்தவர்களின் நிலை அதனினும் கீழானது. கிழக்கே ஓடிய பிரித்தானியக் கப்பல்களில் 'லஸ்கர்' எனப்பட்ட ஆசிய மாலுமிகள் ஆயிரக்கணக்கில் வேலை செய்தனர். மேற்றளத்தில் குஜராத், கொங்கணக் கரை முஸ்லிம்களும், கொதிகலன் அறையில் பஞ்சாபியரும் பட்டாணியரும் சில்ஹெட் மக்களும், உணவு மண்டபத்தில் கோவாக் கிறிஸ்தவர்களும் எனப் பிரித்து வைத்திருந்தனர். இவர்களுக்கெனத் தனியான ஒப்பந்தம் இருந்தது. சம்பளம் ஐரோப்பிய மாலுமியின் சம்பளத்தில் ஒரு சிறு பங்கே. 1906ஆம் ஆண்டின் பிரித்தானியக் கப்பற் சட்டம் மாலுமி ஒருவர் தங்குவதற்கான இடத்தை 120 கன அடியாக உயர்த்தியபோது, லஸ்கர்களுக்கு அவ்வுயர்வு பொருந்தாது என விலக்கும் அளித்தது. மனிதனின் மூச்சுக்கு வேண்டிய இடத்தைக்கூட இனம் பார்த்து அளந்த காலம் அது.

உல்லாசப் பயணம் தனியானதொரு தொழிலாக வளர்ந்ததற்குக் குளிர்காலமும் ஒரு காரணம். ஹம்பர்க் - அமெரிக்கா கம்பனியின் அல்பேர்ட் பாலின், குளிர் மாதங்களில் அத்திலாந்திக் சமுத்திரத்தில் பயணிகள் குறைந்து பெரிய கப்பல்கள் சும்மா கிடப்பதைக் கண்டார். 1891 ஜனவரியில் 'ஒகஸ்டா விக்டோரியா' என்ற கப்பலை 241 பயணிகளுடன் மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார். ஏறத்தாழ இரண்டு மாதப் பயணம் வெற்றி பெறவே, உல்லாசத்துக்கென்றே கட்டப்பட்ட ஒரு கப்பலை 1900இல் அக்கம்பனி கடலில் இறக்கியது. முதலாம் வகுப்பு மட்டுமே கொண்ட அக்கப்பல் 1906 டிசம்பரில் ஜமெய்க்காக் கரையில் மோதி அழிந்தது.

அடுத்த திருப்பத்தை உண்டாக்கியவை சட்டங்கள். ஐக்கிய அமெரிக்கா 1921இலும் 1924இலும் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தியதால், கப்பல்களின் மூன்றாம் வகுப்பை நிரப்பிவந்த ஏழை ஐரோப்பியரின் வரவு குறைந்தது. கம்பனிகள் வேறு பயணிகளைத் தேட வேண்டியதாயிற்று. 1922 நவம்பரில் குனார்ட் கம்பனியின் 'லக்கோனியா' சுமார் 450 பயணிகளுடன் நியூயோர்க்கிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்டது. ஏறத்தாழ 130 நாட்களின் பின் திரும்பி வந்தது. இன்று ஆண்டுதோறும் நடைபெறும் உலகப் பயணங்களுக்கு இதனையே முன்னோடியாகக் கொள்வர்.

1958இல் ஜெட் விமானங்கள் அத்திலாந்திக்கைக் கடக்கத் தொடங்கியதும் கப்பலின் பழைய வேலை முடிவுக்கு வந்தது. போய்ச் சேர்வதற்கு விமானம் இருக்கையில் கப்பல் எதற்கு? போய்க்கொண்டே இருப்பதற்குத்தான் என்பது கம்பனிகளின் விடை. அப்படியாயின் ஒருமுறை வந்தவரை மறுமுறையும் வரச் செய்ய வேண்டும். அதற்கான வழியும் விமானக் கம்பனிகளிடமிருந்தே வந்தது. 1981 மே மாதம் அமெரிக்கன் எயார்லைன்ஸ், பறந்த மைல்களைக் கணக்கிட்டுச் சலுகை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. கப்பல்கள் மைல்களுக்குப் பதிலாக இரவுகளை எண்ணின.

உதாரணமாக, ரோயல் கரிபியன் கம்பனியின் 'கிரவுன் அன்ட் அங்கர்' சங்கத்தில் ஓர் இரவுக்கு ஒரு புள்ளி. 3 புள்ளிகளில் தங்கம், 30இல் பிளாட்டினம், 55இல் மரகதம், 80இல் வைரம், 175இல் வைரத்துக்கும் மேல். 700 புள்ளிகளை எட்டியவர் உச்சிப் படியில் ஏறுகிறார். பிரின்சஸ் கம்பனியில் 15 பயணங்கள் அல்லது 150 நாட்கள் சென்றவருக்கு உயர்ந்த படி. அவருடைய துணிகள் இலவசமாகச் சலவை செய்யப்படும். கப்பலேறும்போது வரிசையில் முன்னுரிமையும் உண்டு. அதிக நாட்கள் கடலில் கழித்தவர்களைத் தேர்ந்து பகல் விருந்து அளிக்கும் வழக்கமும் இருந்து வந்துள்ளது.

முதற் பார்வைக்கு இது பழைய வகுப்பு முறையை விட நியாயமானதாகவே தோன்றும். அக்காலத்தில் பிறப்பும் பணமும் ஒருவரின் தளத்தைத் தீர்மானித்தன. இப்போது மலிவான அறையில் பலமுறை வந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரும் வைரப் படியில் ஏறலாம். ஆனால் விதியை மேலும் படித்தால் இன்னொன்று தெரியும். விலை கூடிய 'சூட்' அறையில் தங்குபவருக்கு ஓர் இரவுக்கு இரண்டு புள்ளிகள். ஆகவே ஒரே கடலில், ஒரே இரவில், ஒருவரின் விசுவாசம் மற்றவரின் விசுவாசத்தை விட இரு மடங்காகிவிடுகின்றது. முன்வாசலால் வெளியேற்றிய பணம் பின்வாசலால் திரும்பி வந்து அமர்ந்துகொள்கிறது.

இப்பயணிகளைப் பரிகசிப்பது எனது எண்ணமன்று. நூறு நாட்களுக்கு மேற்பட்ட பயணங்களில் செல்வோரில் முதியவர்களே அதிகம். வாழ்க்கைத் துணையை இழந்தவர்களும், பிள்ளைகள் தூரத்தில் இருப்பவர்களும் அவர்களில் உண்டு. ஒரே உணவு மேசையில் மாதக்கணக்கில் அமர்ந்து நண்பர்களாகி, அடுத்த ஆண்டும் அதே மேசைக்காகவே திரும்பி வருவோரும் இருக்கின்றனர். கப்பலையே வீடாக்கிக்கொண்டவர்களைப் பற்றியும் செய்திகள் வந்துள்ளன. ஏணிப்படியில் நுழையும்போது தன் பெயரைச் சொல்லி ஒருவர் வரவேற்பது தனித்திருக்கும் மனிதருக்குச் சிறிய விடயமல்ல. துணி சலவையை விட அந்த வரவேற்புக்காகவே அவர்கள் திரும்பி வருகிறார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

அப்படியாயின் அந்தப் பெயரை நினைவில் வைத்திருப்பவர் யார்? என்னிடம் படித்த மாணவர் ஒருவர் உல்லாசக் கப்பலொன்றில் அறைப் பணியாளராக இருக்கிறார். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது தமது வேலையைப் பற்றி விவரித்தார். எந்த அறையில் எந்தப் படியினர் இருக்கிறார்கள் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். தலையணை எத்தனை வேண்டும், தேநீருக்குச் சீனி வேண்டுமா என்பதெல்லாம் அவர் மனத்தில் இருக்கும். எட்டு மாதத்துக்கு ஓர் ஒப்பந்தம். இதுவரை ஆறு ஒப்பந்தங்களை முடித்திருக்கிறார். நான் கணக்குப் பார்த்தேன். ஏறத்தாழ 1,440 இரவுகள். பயணியாக இருந்திருந்தால் உச்சிப் படியை இரண்டு முறை தொட்டிருப்பார். இதனைச் சொன்னபோது அவர் சிரித்தார். "சேர், எங்கட இரவு கணக்கில வராது" என்றார்.

லஸ்கர்களின் காலத்தோடு ஒப்பிட்டால் நிலைமை மாறியிருக்கிறது என்பதை மறுக்க முடியாது. 2006இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் சமவாயம், வேலை நேரத்தின் உச்ச அளவை நாளொன்றுக்கு 14 மணித்தியாலங்கள், வாரத்துக்கு 72 மணித்தியாலங்கள் எனக் கட்டுப்படுத்துகின்றது. ஒரு தொழிற்சாலையில் உச்ச அளவு இதுவென்றால் நாம் திகைத்துப் போவோம். கப்பல்களில் பலவோ பனாமா, பஹாமாஸ், பெர்முடா போன்ற இடங்களில் பதியப்பட்டவை. 'குயின் மேரி 2' கூட 2011இல் பிரித்தானியப் பதிவை விட்டுப் பெர்முடாவுக்குச் சென்றது. பயணியின் விசுவாசத்தை எண்ணும் கம்பனிகள் தமது கொடி விடயத்தில் அத்தனை விசுவாசம் காட்டுவதில்லை.

2020ஆம் ஆண்டு இக்கணக்கைப் பகிரங்கமாக்கியது. அவ்வாண்டு பெப்ரவரியில் யோகோஹாமாவில் தடுத்து வைக்கப்பட்ட 'டயமன்ட் பிரின்சஸ்' கப்பலில் 3,711 பேர் இருந்தனர். அவர்களில் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. பயணிகள் அறைகளுக்குள் இருக்கும்படி பணிக்கப்பட்டபோது, உணவுத் தட்டுகளைக் கதவுதோறும் கொண்டு சென்றவர்கள் பணியாளர்களே. இரவில் அவர்கள் பகிர்ந்து உறங்கும் சிறிய அறைகளுக்குத் திரும்பினர். பின்னர் உலகெங்கும் பயணிகள் வீடு திரும்பிய போதும், பல்லாயிரம் பணியாளர்கள் ஆளில்லாக் கப்பல்களில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தனர்.

அவ்வாண்டு ஏப்ரலில் நமது துறைமுகத்துக்கு வெளியே நடந்ததும் நினைவிருக்கலாம். இத்தாலியிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்ட 'எம்.எஸ்.சி. மக்னிஃபிக்கா', துறைமுகங்கள் மூடப்பட்ட நிலையில், எரிபொருள் பெறக் கொழும்புக்கு வந்தது. அதில் இலங்கையரான சமையற்காரர் ஒருவர் இருந்தார். சொந்த ஊரின் கரை கண்ணுக்குத் தெரிகிறது; இறங்க அனுமதி இல்லை. அவர் காணொளி மூலம் நாட்டின் தலைமையிடம் வேண்டினார். பின்னர் கடற்படையினர் அவரைக் கரைக்குக் கொண்டுவந்தனர். சிகிச்சை வேண்டிய நோயாளியான ஜேர்மன் மூதாட்டி ஒருவரும் அவ்வேளை இறக்கப்பட்டார். பயணியும் பணியாளரும் ஒரே கணக்கில் மனிதராக எண்ணப்பட்ட அரிதான நாள் அது. கப்பல் மற்றையோருடன் ஏப்ரல் 20ஆம் திகதி மார்செய் துறைமுகத்தை அடைந்தது.

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பார்கள் நமது பெரியோர். கம்பனிகள் இப்பழமொழியை நன்றாகவே விளங்கிக்கொண்டு, உப்பிட்டவர் தாமே என்று பயணியை நம்ப வைத்துள்ளன. ஆனால் அந்த மேசைக்கு உண்மையிலேயே உப்பிட்டவர் அடித்தளத்துச் சமையலறையில் நின்றவர். வகுப்பறையில் கடற்பயணங்களின் வரலாற்றைக் கற்பிக்கும்போது கப்டன்களின் பெயர்களையும் கம்பனிகளின் பெயர்களையும் மாணவர்கள் மனனம் செய்கிறார்கள். லஸ்கர்கள் யார், அவர்களுக்கு எத்தனை கன அடி இடம் கொடுக்கப்பட்டது என்பதையும் இப்போது நான் கரும்பலகையில் எழுதுகிறேன். பரீட்சைக்கு அது வருவதில்லை. ஆனாலும் நமது ஊர்களிலிருந்து கப்பலேறப் போகும் பிள்ளைகள் அவ்வகுப்பில்தான் இருக்கிறார்கள்.