காரைக்காற் கரையும் குவாதலூப் வாக்குரிமை வழக்கும்

காரைக்கால் என்ற அளவில் தமிழ் கற்றார் நெஞ்சில் முதற்கண் தோன்றுபவர் அம்மையாரே. ஆனித் திங்கள் மாங்கனித் திருவிழா அந்நினைவை ஆண்டுதோறும் புதுப்பிக்கின்றது. ஆயின், அதே ஊரின் துறையினின்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல்லாயிரவர் கரும்புத் தோட்டக் கூலிகளாய்க் கப்பலேறினர் என்பதும், அங்ஙனம் சென்றோர் மக்களுக்கு வாக்குரிமை வேண்டி ஒருவர் ஏறத்தாழ இருபதாண்டு வழக்காடினார் என்பதும் நம்மவருள் மிகச் சிலரே அறிந்தவை. அவ்வழக்கையும், அதனை நடத்திய ஆன்றி சிதம்பரம் என்பாரையும் பற்றி ஈண்டு ஆராய்வாம். இனத்தின் பெயரால் தாழ்த்தப்பட்ட ஒரு கூட்டத்தினின்று, அதுவும் பிறிதொரு தாழ்த்தப்பட்ட கூட்டத்தினரிடையே வாழ நேர்ந்த கூட்டத்தினின்று, தலைவன் எங்ஙனம் தோன்றுகின்றான் என்பதே நமது வினா.

காரைக்காலைத் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பெற்றது 1739ஆம் ஆண்டில். கிழக்கே கடல், ஏனைய முப்புறமும் பின்னாளில் ஆங்கிலேயரின் தஞ்சை மாவட்டம். இவ்வமைப்பே பிற்கால நிகழ்ச்சிகள் பலவற்றிற்குக் காரணம் எனலாம். காவிரிப் படுகையின் நிலமற்ற உழவன், ஒரு பொழுது நடந்தால், ஆங்கிலேயர் ஆட்சியைக் கடந்து பிரெஞ்சு மண்ணை அடைந்துவிடுவான். ஆள் சேர்க்கும் மேஸ்திரிகள் அவ்வெல்லையின் பயனை நன்கறிந்திருந்தனர். கப்பல் பிரெஞ்சுக் கப்பல். துறை பிரெஞ்சுத் துறை. ஏறியவரோ பெரும்பாலும் ஆங்கிலேயர் நாட்டுக் குடிகள். இம்மூன்றன் முரண்பாட்டை நினைவிற் கொள்க. வழக்கின் முடிச்சு இதன்கண்ணேயே கிடக்கின்றது.

இனி, கடலுக்கு அப்பால் நிகழ்ந்தது யாது எனக் காண்போம். 1848 ஏப்ரல் 27இல் பிரெஞ்சுக் குடியரசு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. குவாதலூப் தீவில் மட்டும் ஏறத்தாழ 87,000 பேர் விடுதலை பெற்றனர். அனைவரும் ஆப்பிரிக்க வழிவந்த கறுப்பினத்தார், கலப்பினத்தார். விடுதலையோடு அவர்தம் ஆடவர்க்கு வாக்குரிமையும் வந்தது. இடையிலே பறிக்கப்பட்டு, 1870க்குப் பின் நிலைத்தது. நேற்றுவரை சாட்டையின் கீழிருந்தோர் இன்று கூலி பேசத் தொடங்கினர். தோட்ட முதலாளிகட்கு அது பொறுக்கவில்லை. பேரம் பேசாத கைகளை நாடி அவர்கள் கண்கள் சோழமண்டலக் கரையை நோக்கின. 'ஒரேலி' என்னும் கப்பல் 1853 மே 6இல் மார்த்தினிக்கிலும், 1854 டிசம்பர் 24இல் குவாதலூப்பிலும் முதல் இந்தியக் கூலிகளை இறக்கிற்று. பின்னர் முப்பத்தைந்து ஆண்டுகளில் குவாதலூப் சென்றோர் தொகை ஏறத்தாழ 42,000. மார்த்தினிக் சென்றோர் ஏறத்தாழ 25,500.

1861இல் பிரெஞ்சு, ஆங்கில அரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கை, ஒப்பந்தக் காலம் ஐந்தாண்டு, நாளொன்றுக்கு ஒன்பதரை மணி வேலை, காலம் முடிந்தபின் இலவசமாய்த் தாய்நாடு திரும்பும் உரிமை என்றெல்லாம் விதித்தது. ஏட்டளவில் குறையில்லை. ஆயினும் குவாதலூப் சென்றாருள் மீண்டோர் நான்கில் ஒரு பங்கினரினும் குறைவு. ஏனையோருள் மிகப் பலர் நோயாலும் உழைப்பாலும் மாண்டனர். எஞ்சியோர் அங்கேயே தங்கினர். 1888இல் ஆங்கில அரசு இவ்வாள்கடத்தலைத் தடுத்து நிறுத்தியது. 'கடத்தல்' என்ற சொல் சிலர்க்குக் கடுமையாகத் தோன்றலாம்; அதனை அறிந்தே ஆள்கின்றேன்.

இங்கு ஒன்று நேர்மையாகக் கூறப்படல் வேண்டும். கறுப்பினத் தொழிலாளர்க்கும் தமிழ்க் கூலிகட்கும் இடையே தொடக்கத்தில் அன்பு நிலவவில்லை. தம் கூலியைக் குறைக்கக் கொணரப்பட்டவர் என்று அவர் இவரை வெறுத்ததில் வியப்பில்லை; நம் மொழியின் 'கூலி' என்ற எளிய சொல் அத்தீவுகளில் ஒரு வசவுச் சொல்லாயிற்று. இருப்பினும் இம்முறையை ஒழிக்க முன்னின்றோருள்ளும் அடிமை ஒழிப்பு இயக்கத்தாரே முதன்மையாக விளங்கினர். அடிமை ஒழிப்புச் சட்டத்தை யாத்த விக்தோர் ஷெல்ஷேர் என்பார் தம் முதுமையில் இந்தியக் குடியேற்றத்தையும் எதிர்த்து எழுதினார், பேசினார். மார்த்தினிக்கில், நிறத்தார் செல்வாக்குப் பெற்றிருந்த பொது மன்றம் 1884இல் இதற்கான அரசுப் பொருளுதவியை மறுத்தது. தம் மக்கள் கூலியைக் காக்கும் நோக்கும், மனிதரைப் பண்டமாக்கும் வாணிகத்தை வெறுக்கும் நோக்கும் அதன்கண் ஒருங்கு கலந்திருந்தன. இவற்றுள் எது மிகுதி என்று தராசிட்டு நிறுத்தல் இயலாது, வேண்டுவதுமன்று.

தங்கியோர் தம் வாழ்வைத் தாமே கட்டிக்கொண்டனர். தமிழ்மொழி இரண்டு மூன்று தலைமுறையில் நாவினின்று நழுவிற்று. ஆயின் மாரியம்மன் 'மாலியேமேன்' என நின்றாள். காரைக்காலுக்குத் தெற்கே எல்லையை ஒட்டியுள்ள நாகூரின் ஆண்டவரும் 'நகூர்மிரா' என்ற பெயரில் அவர்களோடு கடல் கடந்தார். கப்பலோட்டிகளைக் காப்பவர் என்று இந்துக்களே அவர்க்குக் கொடிமரம் நட்டு வழிபட்டனர். கந்தூரிக் கொடியைக் கண்டு வளர்ந்த படுகை மக்களுக்கு அது புதுமையன்று. பெயர்களும் அவ்வாறே பிழைத்தன. கூலியின் தனிப்பெயர் பிரெஞ்சு எழுத்தர் செவியிற் பட்டவாறு பதிவேட்டில் ஏறி, அவன் மக்கட்குக் குடும்பப் பெயராயிற்று. முத்துசாமி 'மூத்தூசாமி' ஆனார். சிதம்பரம் 'சிதாம்பரோம்' ஆனார். மொழி இழந்தவரிடத்தும் தில்லை எஞ்சி நின்றது என்பது தமிழாசிரியன் ஒருவனுக்குச் சிறிது ஆறுதல் தரும் செய்தி.

ஆன்றி சிதம்பரம் 1863இல் குவாதலூப்பின் கப்பெஸ்தேர் என்னும் ஊரில், இந்தியாவினின்று சென்ற பெற்றோர்க்குப் பிறந்தார். பிரெஞ்சுக் கல்வி பெற்று, அவ்வூர் நகராட்சி மன்றத்தில் உறுப்பினராய் அமர்ந்தவர். 1904இல் அவர் செய்த செயல் தோற்றத்தில் சிறிது. தம்மைப் போன்றே அத்தீவிற் பிறந்த இந்தியர் மக்களின் பெயர்களை ஊர் வாக்காளர் பட்டியலிற் சேர்க்க முனைந்தார். ஆளுநர் விக்கோந்து த லா லோயேர் அதனை மறுத்தார்: இந்தியக் கூலிகளின் மக்கள் பிரெஞ்சுக் குடிகள் அல்லர் என்பது அவர் வாதம். பட்டியலிற் சில பெயர்களை எழுதுவதா, அடிப்பதா என்ற இச்சிறு பூசல் நீதிமன்றம் ஏறிற்று.

சிதம்பரத்தார் பக்கம் சட்டம் இல்லாமற் போகவில்லை. 1889 ஜூன் 26ஆம் நாளைய குடியுரிமைச் சட்டம், பிரெஞ்சு மண்ணிற் பிறந்து, அகவை நிரம்பியபோழ்தும் அங்கேயே வாழும் அயலார் மகனைப் பிரெஞ்சுக் குடியாகக் கொண்டது. அச்சட்டம் குவாதலூப், மார்த்தினிக், ரெயூனியன் தீவுகட்கும் பொருந்துமென வெளிப்படையாகவே கூறிற்று. ஆயினும் தந்தை ஆங்கிலேயர் குடி என்னும் ஐயம் பிள்ளையின் தலைமேல் நிழலாய்ப் படிந்தது. தந்தையைக் காக்க என்று 1861இல் எழுதப்பட்ட ஆங்கிலப் பாதுகாப்பே, மகனை அயலான் என்று ஒதுக்குவோர்க்கு இடந்தந்தது என்பது எமது கருத்து. முன்னர்க் குறித்த காரைக்கால் எல்லையின் முரண் இங்ஙனம் அரைநூற்றாண்டு கழித்து, பல்லாயிரங் கல் தொலைவில் முளைத்தது.

இதிலுள்ள வேறொரு விந்தையும் நோக்கற்பாலது. காரைக்காலிலேயே தங்கிவிட்ட தமிழனுக்கு வாக்குரிமை முன்னரே இருந்தது! 1848ஆம் ஆண்டு விதிகள், பிரெஞ்சிந்தியாவில் ஐந்தாண்டுக்கு மேல் வாழ்ந்த உள்நாட்டாரைக் குடியுரிமைச் சான்று கேளாமலே வாக்காளராக்கின. அரசலாற்றங்கரையில் இருந்தவன் பாரிசு மன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தான். அதே குடியரசின் கரும்புத் தோட்டத்திற் பிறந்த கூலி மகனோ தன்னூர் மேரைத் தேர்ந்தெடுக்கவும் தகுதியற்றவன் எனப்பட்டான். இஃதொருபுறம். மற்றொருபுறம், குவாதலூப்பின் கறுப்பினத் தலைவர் எஜெசிப் லெஜித்திமூசு 1898 முதல் 1902 வரையும், 1906 முதல் 1914 வரையும் பாரிசு மன்றத்தில் அமர்ந்திருந்தார். கறுப்பினத்தான் உறுப்பினனாகவே வீற்றிருந்த காலத்தில், பக்கத்து வரப்பில் கரும்பு வெட்டிய இந்தியன் மகன் வாக்காளனாகவும் இல்லை. சமத்துவம் என்பது அனைவர்க்கும் ஒரே நாளில் வரும் பொருளன்று போலும்.

சிதம்பரத்தார்க்கு முன்னோடியாகக் கூறத்தக்கவர் ஒருவர் நம் கரையிலேயே இருந்தார். புதுவை வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 1873இல் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றம் புகுந்தமைக்காக ஒறுக்கப்பட்டார். அவர் பாரிசு உச்ச நீதிமன்றம் வரை முறையிட்டு வென்றார். பின்னர், இந்தியர் தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்க வழிவகுத்த 1881 செப்டம்பர் 21 ஆணையின் கீழ்க் குடும்பப் பெயர் பூண்டு, 'லா போர்த்து', அஃதாவது 'வாயில்', என வழங்கப்பெற்றார். காலணி வழக்கும் பட்டியல் வழக்கும் ஒரே நெறியின. ஆள்வோனை அவன் சட்டத்தைக் கொண்டே மடக்குவது அந்நெறி. ஆனால் பொன்னுத்தம்பியார் சமத்துவம் பெறத் தம் மரபைத் துறந்தார். சிதம்பரத்தார் எதனையும் துறக்க ஒருப்படாமல், பிறந்த மண்ணே போதுமெனக் கேட்டார். இரண்டாவதே கடினமான வழி என்பதற்கு வழக்கின் நீளம் சான்று.

வழக்கு இழுத்தது. சிதம்பரத்தார் தம் வாதங்களை நூலாக அச்சிட்டு வழங்கினார். அவர்க்குப் பின்னே பெருஞ்சங்கமோ நிதியமோ நின்றதில்லை. பட்டியலிற் பெயர் ஏறுவதன் பொருளை ஊரார்க்கு ஒவ்வொருவராக உணர்த்துவதே அவர்தம் பணியாக இருந்தது. 1923இல், ரெமோன் புவான்கரே தலைமை அமைச்சராயிருந்தபோது, குவாதலூப்பில் பிறந்த இந்தியர்க்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் ஏற்கப்பட்டன. நாற்பதில் தொடங்கிய வழக்கு அறுபதில் முடிந்தது. அவர் 1952 வரை வாழ்ந்தார்.

இவ்வழக்கு நடந்த காலத்தின் பெரும்பகுதியில், அஃதாவது 1908 முதல் 1918 வரை, பாரதியார் அதே பிரெஞ்சு ஆட்சியின் புதுவையில் வாழ்ந்தார். கரும்புத் தோட்டத்துப் பெண்டிர் துயரை அவர் பாடியதும் உண்மை. அப்பாட்டின் களமோ பிஜித் தீவு. குவாதலூப்புத் தமிழர்க்குத் தாயகத்தில் ஒரு பாடல் கிட்டவில்லை. இன்றும் காரைக்காலில் பழைய வீடுகளில் சைகோனைப் பற்றிப் பேசுவார் உளர். பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வூதியம் பெறும் 'சொல்தா' குடும்பங்கள் உள. மேற்கிந்தியத் தீவுகளைப் பற்றி யான் வினவியபோது மாணாக்கர் கிரிக்கெட்டைப் பற்றியே பேசினர். பொருளோடு மீண்டவரை ஊர் நினைக்கும். மீளாக் கூலியை யார் நினைப்பார்?

அறுவடை அங்கே விளைந்தது. கறுப்பினத்தார் பெரும்பான்மையாக வாழும் குவாதலூப்பின் உறுப்பினராக எர்னெஸ்து மூத்தூசாமி 1981இல் பிரெஞ்சுத் தேசிய மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்று, 2002 வரை அமர்ந்திருந்தார். அவர் இந்தியர் வாக்கால் மட்டும் வென்றவரல்லர். அத்தீவில் அது போதவும் போதாது. ஒரு காலத்தில் 'கூலி' என்று வைதோர் பேரர்களும் அப்பெயர்க்கு வாக்களித்தனர்.

காரைக்காலோ 1954 நவம்பர் 1இல் இந்தியாவோடு இணைந்தது. 1962 ஆகஸ்டு 16இல் சட்டவழி ஒப்படைப்பு நிறைவேறியபோது, அங்குப் பிறந்து வாழ்ந்தோர் பிரெஞ்சுக் குடியாகத் தொடர விரும்பின், ஆறு திங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்றனர். குவாதலூப்பில் பத்தொன்பது ஆண்டு வழக்காடிப் பெற்ற குடியுரிமையைக் காரைக்காலில் ஒரு விண்ணப்பத் தாளில் கையொப்பமிட்டுத் தக்கவைத்தல் இயன்றது. மிகப் பலர் அத்தாளைக் கேட்டு வாங்கவுமில்லை.