பூச்சி எச்ச உரம்: தரமும் சந்தை மதிப்பும்

பண்ணையில் வளர்த்த புழுக்களைச் சலித்துப் பிரித்தபின் தட்டில் எஞ்சுவதே பூச்சி எச்ச உரம். பெயர்தான் எச்சம், புழு தின்னாமல் விட்ட தீவனம், உரித்த தோல், முட்டை, செத்த புழு எல்லாம் அதில் கலந்திருக்கும். வணிகத்தில் இதை ஃபிராஸ் என்பார்கள். சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி கருப்புச் சிப்பாய் ஈ, மாவுப்புழு ஆகிய இரண்டின் பண்ணைகளிலிருந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021ஆம் ஆண்டு விதிப்படி, இதில் செத்த பூச்சிகள் கன அளவில் 5 விழுக்காட்டையும் எடையில் 3 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. பொருள் ஒன்றும் புதிதல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்போர் புழு எச்சத்தையும் மிஞ்சிய மல்பெரி இலையையும் மக்கவைத்துத் தோட்டத்துக்கே திருப்பிப் போடுகிறார்கள். அதை மூட்டை கட்டி விலை சொல்வதுதான் புதிது.

தரத்தின் முதல் கேள்வி, புழு எதைத் தின்றது என்பது. மாவுப்புழுவுக்குப் பெரும்பாலும் கோதுமைத் தவிடு. அதனால் எச்சம் உலர்ந்த மணலைப் போல் நுண்மையாக, தட்டுக்குத் தட்டு மாறாமல் கிடைக்கும். சிப்பாய் ஈப் புழு காய்கறிக் கழிவையும் உணவகத்துச் சோற்றையும் தின்னும். சோற்றோடு வரும் உப்பு எச்சத்தில் தங்கி மின்கடத்துதிறனை ஏற்றிவிடும். நகரக் கழிவு மக்குக்கு இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணை வைத்துள்ள வரம்பு மீட்டருக்கு 4 டெசிசீமன். தொட்டிச் செடிக்குப் போடுவோர் இந்த எண்ணை முதலில் பார்ப்பது நல்லது. தீவனத்தில் கன உலோகம் இருந்தால், காட்மியத்தைப் புழு தன் உடலிலேயே பெரிதும் சேர்த்துக்கொள்ளும். எனவே எச்சம் மட்டும் தேறியது என்பதால் தீவனமும் சுத்தம் என்று ஆகிவிடாது.

சத்துக்களில் தழைச்சத்து பொதுவாக 2 முதல் 4 விழுக்காடு வரை இருக்கும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் தீவனத்துக்கேற்ப மாறும். ஆய்வறிக்கை படிப்பவர் ஏமாறும் இடம் ஈரப்பதம். 3 விழுக்காடு தழைச்சத்து என்பது உலர் எடைக் கணக்காக இருந்து, மூட்டையில் 40 விழுக்காடு ஈரம் இருந்தால், ஒரு டன்னில் உண்மையில் இருப்பது 18 கிலோதான். மீதிப் பணம் தண்ணீருக்குப் போகிறது.

எல்லாவற்றையும்விட அதிகம் புறக்கணிக்கப்படுவது முதிர்ச்சி. சிப்பாய் ஈப் புழு தட்டில் இருப்பது ஏறத்தாழ இரண்டு வாரம். அவ்வளவு நாளில் எதுவும் முழுதாக மக்காது. புது எச்சத்தில் அம்மோனியா மிகுந்திருக்கும். கார நிலையும் ஏறியிருக்கும். அப்படியே போட்டால் வேர் கருகும், விதை முளைக்காது. இதை அறிய முளைப்புச் சோதனை போதும். ஒரு பங்கு எச்சத்தைப் பத்துப் பங்கு நீரில் கலக்கி வடிகட்டி, வடிநீரில் நனைத்த தாளில் முள்ளங்கி விதையையும், வெறும் நீரில் நனைத்த தாளில் அதே எண்ணிக்கையில் விதையையும் வைக்க வேண்டும். நீரில் 20 விதை முளைத்து வேர் சராசரி 4 செ.மீ., வடிநீரில் 16 முளைத்து வேர் 3 செ.மீ. என்றால், 0.8ஐ 0.75ஆல் பெருக்க, குறியீடு 60 விழுக்காடு. 80ஐத் தாண்டினால் முதிர்ந்தது எனக் கொள்வது வழக்கம். 60 என்றால் இன்னும் சில வாரம் மக்க விட வேண்டும்.

நோய்க்கிருமிக்காக ஐரோப்பிய விதி 70 பாகை செல்சியசில் ஒரு மணி நேரம் சூடாக்கச் சொல்கிறது. 25 கிராம் மாதிரியில் சால்மோனெல்லா இருக்கவே கூடாது. இங்கே ஒரு முரண் உண்டு. அப்படிச் சூடாக்கிய பொட்டலத்தின் மேலும் 'உயிருள்ள நன்மை நுண்ணுயிர்கள்' என்று அச்சிட்டு விற்றால், அந்த எண்ணிக்கைக்குத் தனி ஆய்வறிக்கை கேட்க வேண்டும். தோலிலுள்ள கைட்டின் செடியின் தற்காப்பைத் தூண்டக்கூடியது என்பது மெய். ஆனால் ஒரு மூட்டையில் கைட்டின் எவ்வளவு என்பதை அளந்து தருவோர் குறைவு.

விலைக்கு வந்தால், சத்துக் கணக்கு விற்பவரைத் திகைக்க வைக்கும். 3 விழுக்காடு தழைச்சத்தும் 2 விழுக்காடு மணிச்சத்தும் உள்ள ஒரு டன்னில் 30 கிலோ தழைச்சத்து, 20 கிலோ மணிச்சத்து. இதே சத்தை ரசாயன உரமாக வாங்கினால், 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய் என்ற விலையில், 20 கிலோ மணிச்சத்துக்கு 44 கிலோ டிஏபி, ஏறத்தாழ 1,175 ரூபாய். அதிலேயே 8 கிலோ தழைச்சத்தும் வந்துவிடும். மீதி 22 கிலோவுக்கு, 45 கிலோ மூட்டை 266.50 ரூபாய் என்ற கணக்கில், 48 கிலோ யூரியா, 285 ரூபாய். சாம்பல்சத்தைச் சேர்க்காமல் மொத்தம் 1,460. கிலோவுக்கு ஒன்றரை ரூபாய். எச்சத்தின் தழைச்சத்து முழுவதும் முதல் பருவத்திலேயே பயிருக்குக் கிட்டாது என்பதால் அதுவும் குறையும். மானிய விலை உரத்தோடு சத்துக்குச் சத்து போட்டியிட்டு இது வெல்ல முடியாது.

ஆகவே இதன் மேல்விலை கரிமச் சத்து, கைட்டின், இயற்கை வேளாண் சான்று, பயன்படுத்தும் வசதி ஆகியவற்றிலிருந்துதான் வர வேண்டும். வயலுக்கு டன் கணக்கில் வாங்குபவர் தொழுவுரத்தோடும் மண்புழு உரத்தோடும் ஒப்பிட்டு, லாரி வாடகையையும் கூட்டிப் பார்ப்பார். ஈரமான சரக்கு தூரம் போகாது. மாடித்தோட்டத்துக்கு ஒரு கிலோ பொட்டலம் வாங்குபவர் அந்தக் கணக்கைப் போடுவதில்லை. வாடை இல்லாமல், உலர்ந்து, கைக்கு உதிரியாக இருந்தால் பலமடங்கு தருவார். வட அமெரிக்காவில் கஞ்சா வளர்ப்போர் இதன் நல்ல வாடிக்கையாளர்கள். ஆனால் பொட்டலச் சந்தை சிறியது. புழுவைவிட எச்சமே எடையில் அதிகமாகச் சேரும் பண்ணைகளில், பொட்டலத்தில் விற்றது போக மிஞ்சும் குவியலை வயல் விலைக்குத்தான் தள்ள வேண்டியிருக்கிறது.